பின்கட்டுக்கு மாறிய படுக்கை: பெருங்குடல் அழற்சி வந்த ஒரு ஆச்சியும் அவர் எடுத்த மூலிகைகளும்

"எத்தனை தடவை போகுது ஆச்சி?"

"பகல்ல கணக்கு வச்சுக்கல டாக்டர். ராத்திரி மூணு, நாலு. படுக்கைய மூணாங்கட்டுக்கு மாத்தி இருபது நாளாச்சு."

செட்டிநாட்டு வீட்டைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பதிலின் கனம் புரியும். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு, அதையும் தாண்டிக் கொல்லையில் கழிப்பறை. வளவில் படுத்திருப்பவருக்கு நடு இரவில் வயிறு முறுக்கினால் ஓடித்தான் போக வேண்டும். இரண்டு முறை பாதி வழியிலேயே ஆகிவிட்டது. அதை ஆச்சி சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் கணவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். இந்த நோயின் கடுமையை அளக்க எங்களிடம் மதிப்பெண் அட்டவணைகள் இருக்கின்றன. படுக்கை எங்கே கிடக்கிறது என்ற கேள்வி அவற்றில் இல்லை. ஆனால் அதைக் கேட்ட நிமிடமே இவரை இன்று வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று முடிவு செய்துவிட்டேன்.

ஆச்சியின் ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறேன். பெயரையும் ஊரையும் தரவில்லை. அடையாளம் காட்டக்கூடிய ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்களில் கை வைக்கவில்லை.

முன்கதை

வயது 52 (செட்டிநாட்டில் ஆச்சி என்பது பாட்டியை மட்டும் குறிக்கும் சொல் அல்ல). காரைக்குடியிலிருந்து பேருந்தில் அரை மணி நேரம். கல்யாணத்துக்கும் அறுபதாம் ஆண்டுச் சாந்திக்கும் பலகாரம் செய்து கொடுப்பது தொழில்: தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை, அதிரசம். உதவிக்கு இரண்டு பெண்கள். தை பிறந்தால் முகூர்த்தம் நெருக்கமாக வரும், அடுப்பு அணையாது. இந்த முறை என்னிடம் வந்தது அந்தத் தை மாதத்தில்தான். மூன்று வாரமாக இரத்தம் போயும் வராமல் இருந்ததற்கு அவர் சொன்ன காரணமும் அதுதான்: "ஆர்டர் ஒத்துக்கிட்டேன், எப்படி விட்டுட்டு வர்றது?"

நோய் புதிது அல்ல. நான்கு வருடத்துக்கு முன் ஒன்றரை மாதம் சளியும் இரத்தமுமாகப் போயிருக்கிறது. சீதபேதி என்று இரண்டு முறை மெட்ரோனிடசோல் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு நாள் குறையும், மறுபடி வரும். பிறகு மதுரையில், குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி. மலக்குடலில் தொடங்கி இடப்பக்கமாக மேலேறி, மண்ணீரலுக்குக் கீழே குடல் வளையும் இடம் வரை, இடைவெளி இல்லாமல் சிவந்து, தொட்டால் கசியும் புண். திசுப் பரிசோதனையில் காசநோய்க்கான அடையாளம் எதுவும் இல்லை. நம் நாட்டில் இதை விட்டுவிடாமல் பார்க்க வேண்டும். அமீபா, குடல் காசநோய், குடல் அழற்சி மூன்றும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே முகத்தோடு வரும். முடிவு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பெருங்குடலின் உட்தோலை மட்டும் தாக்கி, மலக்குடலிலிருந்து மேல்நோக்கித் தொடர்ச்சியாகப் பரவும் அழற்சி இது. இதன் உறவான க்ரோன்ஸ் நோய் வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரலாம், விட்டு விட்டு வரும், குடற்சுவரின் முழுத் தடிமனையும் அரிக்கும்.

குடல் அழற்சியை அடக்கும் மெசலமைன் மாத்திரை நாளைக்கு 2.4 கிராம் தொடங்கினார்கள். இரண்டு மாதத்தில் அடங்கிவிட்டது. அப்புறம்தான் என்னிடம் வரத் தொடங்கினார். இரண்டு வருடம் ஒழுங்காக வந்தார். அதன் பிறகு வருகை குறைந்தது. நானும் விசாரிக்கவில்லை.

மஞ்சப்பை

சேர்த்த அன்று நாடித் துடிப்பு 104. லேசான காய்ச்சல். ஒரு நாளைக்கு எட்டு முறைக்குக் குறையாமல் இரத்தத்தோடு. ஹீமோகுளோபின் (எச்.பி.) 8.9. அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். 52. அதையே காட்டும் சி.ஆர்.பி. 61. இரத்தப் புரதமான அல்புமின் 2.9, பொட்டாசியம் 3.1. ஆறு முறையோ அதற்கு மேலோ இரத்தத்தோடு போய், கூடவே நாடி 90-க்கு மேலோ எச்.பி. 10.5-க்குக் கீழோ இருந்தாலே கடும் நிலை என்று கணக்கு. இவரிடம் இரண்டும் இருந்தன. மலத்தில் அமீபா இல்லை, கிருமி வளரவில்லை, சி. டிஃபிசில் என்ற குடல் கிருமியின் நச்சும் இல்லை.

இதுவரை எல்லாம் பொருந்தி வந்தது. பொருந்தாதது ஒன்றுதான்: ஈரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. 168, எஸ்.ஜி.ஓ.டி. 121. இந்த நோயோடு பித்தக்குழாய் சுருங்கும் நோய் சிலருக்குச் சேர்ந்து வரும். ஆனால் அதில் ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ் என்ற நொதி ஏறியிருக்க வேண்டும், இவருக்கு அது சரியாக இருந்தது. ஸ்கேனிலும் குழாய்களில் கோளாறு இல்லை. மஞ்சள் காமாலை வைரஸ்கள் ஏ, பி, சி, ஈ நான்கும் இல்லை. அப்படியென்றால் ஏதோ ஒரு மருந்து.

"மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா?" என்று முதலிலேயே கேட்டிருந்தேன். "போடுறேன்" என்றார். "வேற ஏதாவது?" "வேற ஒண்ணுமில்ல." ஈரல் அறிக்கை வந்த பிறகு மறுபடி போய், இந்த முறை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டேன். ஆச்சி கணவரைப் பார்த்தார். அவர் எழுந்து வெளியே போனார். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு மஞ்சப்பையோடு வந்தார்.

பைக்குள் இருந்தவை இவை. சிங்கப்பூரிலிருந்து மகன் வாங்கி அனுப்பிய, மஞ்சளின் சத்தான குர்குமின் மாத்திரை: ஒன்றில் 1,000 மில்லிகிராம், கூடவே மிளகுச் சாறு. ஐந்து மாதமாகக் காலை ஒன்று, இரவு ஒன்று. பிறகு, நாட்டு மருந்துக் கடையில் "குடல் சுத்தி" என்று மடித்துக் கொடுத்த பொடி. பேதியாக்கும் நிலாவரை கலந்திருப்பதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். இரண்டு மாதமாக இரவில் ஒரு கரண்டி. மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக்: முதலில் எப்போதாவது, தை பிறந்ததும் தினமும். மாமியார் கஷாயத்துக்குக் காய வைத்த மாதுளம் ஓடு. கடைசியில், பாதி மட்டும் பிய்த்த ஒரு மெசலமைன் அட்டை. அதை நிறுத்தி ஏழு மாதம் ஆகியிருந்தது.

"ஏன் ஆச்சி சொல்லல?"

"போன வருஷம் நான் வெளிய உக்காந்திருந்தேன். உள்ள ஒருத்தர, கசாயம் குடிச்சாருன்னு நீங்க சத்தம் போட்டீங்க. அதான்."

அந்த நாள் எனக்கும் நினைவிருக்கிறது. கோபத்துக்குக் காரணம் இருந்தது என்று நான் நினைத்த நாள் அது. கதவுக்கு வெளியே அதை எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேர் அதற்கப்புறம் தங்கள் பையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. இந்த நிகழ்வை எழுதுவதற்கு முதல் காரணம் இதுதான். இவர் சொல்லாதது இவருடைய தவறு என்று என்னால் எழுத முடியாது.

மாத்திரையை நிறுத்தியதற்கு மூன்று காரணம் சொன்னார். உடம்பு நன்றாக இருந்தது. மாதம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல் ஆனது. "எத்தனை வருஷத்துக்குமா கெமிக்கலச் சாப்பிடுவ" என்று மகன் கேட்டான். மூன்றும் நியாயமான காரணங்கள். மூன்றில் ஒன்றைக்கூட அவர் என்னிடம் சொல்லும்படி நான் நடந்துகொள்ளவில்லை.

மருத்துவமனையில்

இதை விரைவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது வழக்கமான சிகிச்சைதான். பையில் இருந்த எல்லாவற்றையும் நிறுத்தினோம். குடலைச் சுத்தம் செய்யாமல் கொஞ்ச தூரம் மட்டும் ஸ்கோப் விட்டுப் பார்த்ததில் ஆழமான புண்கள், தானாகவே கசியும் இரத்தம். திசுவில் சைட்டோமெகலோ வைரஸ் இல்லை. ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு 100 மில்லிகிராம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நரம்பில். பொட்டாசியம். இரத்தம் உறையாமல் இருக்கும் ஊசி. இரத்தம் போகிறவருக்கே இந்த ஊசியா என்று கணவர் பதறினார். குடல் இப்படிக் கனலும்போது கால் நரம்பில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து அதிகம், அதனால்தான்.

மூன்றாம் நாள் முக்கியமான நாள். அன்று எட்டு முறைக்கு மேல் போனாலோ, அல்லது மூன்று முதல் எட்டு முறை போய் சி.ஆர்.பி. 45-க்கு மேல் இருந்தாலோ, பெருங்குடலை எடுக்க வேண்டிவரும் வாய்ப்பு 85 சதவீதம் என்று ஆக்ஸ்ஃபோர்டில் கணித்திருக்கிறார்கள். அறுவை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். ஆச்சிக்கு அன்று மூன்று முறை, சி.ஆர்.பி. 18. வார்டை விட்டு வெளியே வந்து சிறிது நேரம் தனியாக நின்றேன்.

ஆறாம் நாள் பிரெட்னிசோலோன் 40 மில்லிகிராம் மாத்திரைக்கு மாற்றி, வாரம் ஐந்து மில்லிகிராமாகக் குறைத்தோம். மெசலமைன் மாத்திரையும், இரவில் ஆசனவாய் வழியாக ஏற்றும் மெசலமைன் எனிமாவும். நரம்பில் இரும்புச் சத்து. எஸ்.ஜி.பி.டி. மூன்றாம் வாரம் 90, எட்டாம் வாரம் 34.

ஈரலைத் தொட்டது எது? குர்குமின் மாத்திரை என்று சொல்லவே மனம் போகிறது. அமெரிக்காவில் மருந்தால் ஈரல் கெடுவதைக் கண்காணிக்கும் ஆய்வுக் குழு, மஞ்சளிலிருந்து செய்த மாத்திரைகளால் ஈரல் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பதிவு செய்திருக்கிறது. அவர்களில் 7 பேரிடம் ஒரே மரபணு அடையாளம் இருந்தது. சோதித்த மாத்திரைகள் சிலவற்றில் மிளகின் பைப்பரின் சேர்ந்திருந்தது. ஒருவர் இறந்திருக்கிறார். ஆனால் டைக்ளோஃபெனாக்கும் ஈரலைத் தாக்கும் மருந்துதான். இரண்டையும் ஒரே நாளில் நிறுத்தினோம், அதே நாளில் ஸ்டீராய்டும் கொடுத்தோம். உடலின் எதிர்ப்பாற்றலே ஈரலைத் தாக்கும் நோயாக இருந்தால் ஸ்டீராய்டே அதை அடக்கியிருக்கும். ஆனால் அதற்கான எதிர்ப்பொருள் இரத்தத்தில் இல்லை, ஸ்டீராய்டு நின்ற பிறகும் ஈரல் சரியாகவே இருக்கிறது. ஆகவே மீதி இரண்டு பேர் மேல் சந்தேகம். மறுபடி கொடுத்துப் பார்த்தால் யார் என்று தெரிந்துவிடும். அப்படிப் பார்க்க மாட்டேன்.

குடல் மறுபடி கனன்றதற்கு அந்தக் குழப்பம் இல்லை. மெசலமைனை விட்டதுதான் அடிப்படை. அமெரிக்காவில் 99 பேரை இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்து 2003-ல் ஒரு கட்டுரை வந்தது. மாத்திரையை ஒழுங்காக எடுத்தவர்களில் 89 சதவீதம் பேர் நலமாகவே இருந்தார்கள். விட்டு விட்டு எடுத்தவர்களில் 39 சதவீதம்தான். காய்ந்த விறகு அது. தினமும் போட்ட வலி மாத்திரை அதில் தீ வைத்திருக்கலாம். இந்த வகை வலி மாத்திரைகள் குடல் அழற்சியைக் கிளப்பும் என்பது பழைய அனுபவம். நிலாவரை அழற்சியை உண்டாக்காது, ஆனால் குடலை விரட்டும், உப்புச் சத்தைக் கரைக்கும். பொட்டாசியம் 3.1-க்கு இறங்கியதில் அதற்கும் பங்கு உண்டு. மாதுளம் ஓட்டை நான் குற்றம் சொல்லவில்லை.

"மஞ்சள நான் தொடவே கூடாதா?"

ஐந்தாம் நாள் காலை. இரவு ஒருமுறைகூட எழவில்லை என்று முகம் தெளிந்திருந்தது. அப்போது ஆச்சி கேட்டது இது. "தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போயிருக்கலாம். நான்கு வருடத்துக்கு முன் அப்படித்தான் போயிருப்பேன். அன்று அரை மணி நேரம் பேசினோம், மகன் சிங்கப்பூரிலிருந்து போனில்.

முதலில் மகனிடம் சொன்னது: நீங்கள் அனுப்பியது ஏமாற்று வேலை அல்ல. ஜப்பானில் 2006-ல் நடந்த ஆய்வு இருக்கிறது. நோய் அடங்கிய நிலையில் இருந்த 89 பேர். ஒரு பிரிவுக்கு குர்குமின் நாளைக்கு 2 கிராம், மற்றதுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. ஆறு மாதம். குர்குமின் எடுத்தவர்களில் நோய் திரும்பியது, கணக்கில் வந்த 43-ல் 2 பேருக்கு; வெற்று மாத்திரையில் 39-ல் 8 பேருக்கு. 2015-ல் இன்னொன்று: நோய் லேசாக, அல்லது நடுத்தரமாகக் கிளம்பியிருந்த 50 பேருக்கு நாளைக்கு 3 கிராம், நான்கு வாரம். குர்குமின் எடுத்த 26 பேரில் 14 பேருக்கு நோய் அடங்கியது. வெற்று மாத்திரை எடுத்த 24 பேரில் ஒருவருக்குக்கூட இல்லை.

"அப்ப நான் செஞ்சது சரிதானே டாக்டர்? அம்மா எடுத்ததும் 2 கிராம்தானே?"

அளவு சரிதான். அந்த மாத்திரைக்கு அடியில் இருந்திருக்க வேண்டியதுதான் இல்லை. ஜப்பானிலும் சரி, மற்றதிலும் சரி, இரண்டு பிரிவினரும் மெசலமைனையோ அதன் மூத்த உறவான சல்ஃபாசலசைனையோ எடுத்துக்கொண்டேதான் இருந்தார்கள். குர்குமின் அதற்கு மேல் ஏறியது. மாத்திரையை நிறுத்திவிட்டு குர்குமினை மட்டும் வைத்து அந்த எண்கள் வரவில்லை. ஜப்பான் ஆய்வில் ஆறு மாதத்துக்குப் பிறகு குர்குமினை நிறுத்தி, வழக்கமான மாத்திரையோடு மட்டும் மேலும் ஆறு மாதம் பார்த்தார்கள். அப்போது குர்குமின் பிரிவில் இன்னும் 8 பேருக்கு நோய் திரும்பியது. எடுக்கும்வரைதான் காவல்.

குறைந்த அளவிலும் வேலை செய்யவில்லை. டெல்லி எய்ம்ஸில் நாளைக்கு 450 மில்லிகிராம் கொடுத்து எட்டு வாரம் பார்த்தார்கள். வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2017-ல் வந்த ஆய்வு. நம் மக்களிடம், நம் நாட்டில் நடந்தது என்பதால் இதை நான் அதிகம் மதிக்கிறேன்.

அப்புறம் சமையல் மஞ்சளின் கணக்கு. நூறு கிராம் மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 கிராம்தான். ஆய்வில் கொடுத்த 2 கிராமுக்கு 65 கிராம் தூள் வேண்டும். ஒரு ஆள் சாம்பார், கூட்டு, குழம்பு வழியாக ஒரு நாளில் சாப்பிடுவது ஒரு கிராம், மிஞ்சினால் இரண்டு. ஆகவே சமையல் மஞ்சள் இந்த நோய்க்கு மருந்தும் அல்ல, இந்த ஈரலுக்கு விஷமும் அல்ல. "குழம்புக்குப் போடுங்க ஆச்சி, கொஞ்சமும் யோசிக்காதீங்க" என்றேன்.

மிளகைப் பற்றித்தான் எனக்குச் சொந்தமாக ஒரு கருத்து உண்டு. குர்குமின் இரத்தத்தில் சரியாக ஏறாது. பெங்களூரில் 1998-ல் செய்த ஆய்வில் 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்தபோது, இரத்தத்தில் கிடைப்பது 20 மடங்கானது. அதிலிருந்துதான் இந்த மாத்திரைகளில் மிளகு ஏறியது. மூட்டுக்கோ வேறெதற்கோ அது பொருந்தலாம். ஆனால் நமக்கு வேண்டியது பெருங்குடலின் உட்தோலில். அங்கே போய்ச் சேர குர்குமின் இரத்தத்தில் ஏறவே தேவையில்லை. செரிக்காமல் வழுக்கிக்கொண்டு கீழே வந்தாலே போதும். ஏறாமல் இருப்பது இந்த நோய்க்கு நல்லதுதான். மிளகைச் சேர்த்து அதை ஈரல் பக்கம் திருப்பிவிடுகிறோம். பைப்பரின் மற்ற மருந்துகள் உடைபடுவதையும் தாமதப்படுத்தும். குடலுக்கென்று குர்குமின் எடுக்க நினைப்பவர் மிளகு சேர்த்ததை எடுக்க எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. மிளகு ரசத்துக்கு இது பொருந்தாது.

"கெமிக்கல்" என்ற சொல்லுக்கும் ஒரு பதில் சொன்னேன். மெசலமைன் ஆய்வகத்தில் செய்வதுதான். ஆனால் அதன் கரு சாலிசிலிக் அமிலம். அந்தப் பெயர் வந்தது வில்லோ மரத்தின் லத்தீன் பெயரான சாலிக்ஸிலிருந்து. வலிக்கு மரப்பட்டையை மென்ற காலத்திலிருந்து வந்த வம்சம் அது. குர்குமினும் கெமிக்கல்தான், செடி செய்த கெமிக்கல். எவ்வளவு, எதோடு, நோயின் எந்தக் கட்டத்தில் என்பதையே இரண்டிடமும் கேட்க வேண்டும். மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி டாக்டர், மாத்திரைக்கு மாசாமாசம் நான் பணம் அனுப்புறேன்" என்றார். விலை குறைந்த வேறு தயாரிப்புக்கும் மாற்றினோம். அந்தப் பேச்சில் மிகவும் பயன்பட்டது அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

வேறு செடிகள்

ஆச்சியின் உறவினர்கள் பார்க்க வரும்போதெல்லாம் ஒரு செடியின் பெயரோடு வந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் தேடியதில் நானும் கற்றுக்கொண்டேன்.

நிலவேம்பை அண்ணமிண்டி (அண்ணன் மனைவி) ஒருவர் சொன்னார். நிலவேம்பின் சாற்றை மாத்திரையாக்கி 224 பேரிடம் எட்டு வாரம் சோதித்த ஆய்வு 2013-ல் வந்தது. நாளைக்கு 1,800 மில்லிகிராம் எடுத்தவர்களில் 60 சதவீதம் பேருக்கு நோய் தணிந்தது. வெற்று மாத்திரையில் 40 சதவீதம். ஆனால் நோய் முழுதாக அடங்கியவர்கள் கணக்கில் தெளிவான வித்தியாசம் இல்லை. அடுத்து தொடங்கிய பெரிய ஆய்வை 2014-ல் பாதியில் நிறுத்திவிட்டார்கள். இடைக்காலக் கணக்கில் வெற்றிக்கு வழி தெரியவில்லை. நாம் காய்ச்சலுக்குக் குடிக்கும் நிலவேம்புக் குடிநீர் ஒன்பது சரக்கு சேர்ந்தது. அது வேறு, இந்த மாத்திரை வேறு.

கற்றாழைக்கு இங்கிலாந்தில் 44 பேரிடம் ஒரு சிறிய ஆய்வு, 2004-ல். உள்சோற்றின் சாறு 100 மில்லி, நாளைக்கு இரண்டு முறை, நான்கு வாரம். சாறு குடித்த 30 பேரில் 9 பேருக்கு நோய் அடங்கியது. மற்ற 14 பேரில் ஒருவருக்கு. நம்பிக்கை தரும் எண், ஆனால் சின்ன ஆய்வு. நம் வீட்டில் ஒரு சிக்கலும் உண்டு. மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பால் பேதி மருந்து, நிலாவரை வகை. அதைச் சரியாகக் கழுவாமல் அரைத்தால் குடல் கனலும்போது எரிகிற தீயில் எண்ணெய்தான்.

எனக்குப் பிடித்தது, யாரும் பெயர் சொல்லாத ஒன்று: இசப்கோல். மருந்துக் கடை அலமாரியில் மலச்சிக்கலுக்கென்று கிடப்பது. ஸ்பெயினில் 1999-ல், நோய் அடங்கியிருந்த 105 பேரை மூன்றாகப் பிரித்து ஒரு வருடம் பார்த்தார்கள். இசப்கோல் விதை 10 கிராம் இரண்டு வேளை எடுத்தவர்களில் 40 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. மெசலமைன் எடுத்தவர்களில் 35. இரண்டும் எடுத்தவர்களில் 30. கணக்குப்படி மூன்றும் ஏறத்தாழ ஒன்றே. ஆய்வு சிறியது, மெசலமைன் அளவும் அதில் குறைவு. ஆகவே மாத்திரைக்குப் பதிலாக இதை நான் கொடுக்க மாட்டேன். ஆனால் காரணம் புரிகிறது. இந்த நாரைக் குடல் பாக்டீரியா நொதிக்க வைத்து ப்யூட்டிரேட் என்ற அமிலத்தைத் தருகிறது. பெருங்குடல் செல்களுக்குச் சோறே அதுதான். குடல் சுருங்கிய க்ரோன்ஸ் நோயாளிக்குக் கொடுக்கக் கூடாது, அடைத்துக்கொள்ளும். கனலும் நேரத்திலும் வேண்டாம். ஆச்சிக்குச் சுருக்கம் இல்லை. ஸ்டீராய்டு முடிந்து இரத்தம் முழுதும் நின்ற பிறகு மெசலமைனோடு சேர்த்துத் தொடங்கினோம். "இது நம்ம வீட்டு மருந்து மாதிரி இருக்கு" என்று சந்தோஷமாக எடுத்துக்கொண்டார்.

ஆறு மாதம் கழித்து

ஆடி மாதம். முகூர்த்தம் இல்லை, ஆர்டர் இல்லை. ஆச்சி மஞ்சப்பையோடு வந்தார். இப்போது என்னிடம் வரும் எல்லோரிடமும் இதைச் சொல்லி அனுப்புகிறேன்: வாய்க்குள் போகிற அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள், கஷாயப் பொட்டலம் உள்பட. பையைப் பிரிக்கும்போது குரல் உயராமல் பார்த்துக்கொள்கிறேன். போன மாதம் மட்டும் இரண்டு பைகளில் பெயரில்லாத பொடி வந்தது. அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலப்பது நம் நாட்டில் நடப்பதுதான். அதனால் ஒருவருக்கு, உடல் தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசாலின் அளவைப் பார்க்கும் சோதனைக்கு எழுதினேன்.

ஆச்சிக்கு எச்.பி. 12.1. குடல் அழற்சியைக் காட்டும் கால்ப்ரொடெக்டின், மருத்துவமனையில் சேர்த்தபோது மலத்தில் 1,900 இருந்தது, இப்போது 86. ஈரல் சரி. மூட்டுவலிக்கு பாராசிட்டமாலும், உட்கார்ந்து சுட உயரமான அடுப்பு மேடையும். படுக்கை வளவுக்குத் திரும்பிவிட்டது. மெசலமைன் அட்டைகளை எண்ணிப் பார்த்தேன், கணக்குச் சரியாக இருந்தது.

பையின் அடியில் புதிதாக ஒரு பாட்டில். திறக்கவில்லை. கருநீல மாத்திரை.

"மகன் அனுப்பிருக்கான். உங்ககிட்டக் கேட்டுட்டுத்தான் திறக்கணும்னு சொல்லிட்டேன்."

சீனத்தில் இதைச் சிங் டாய் என்கிறார்கள். இலையை ஊறவைத்து, சுண்ணாம்பு சேர்த்து எடுக்கும் நீலம். அங்கே பயன்படுத்துவது பெரும்பாலும் வேறு செடிகள், ஆனால் நீலம் ஒன்றே. தலைமுடிச் சாயத்துக்கு நம் கடைகளில் விற்கும் அவுரியில் இருந்து வருவதும் அதே இண்டிகோ. செடிவகை மருந்துகளில் இந்த நோய்க்கு நான் பார்த்ததிலேயே மிக வலுவான எண் இதற்குத்தான். ஜப்பானில் 86 பேர், எட்டு வாரம், 2018-ல் வெளியானது. வெற்று மாத்திரையில் நோய் தணிந்தது 13.6 சதவீதம் பேருக்கு. நாளைக்கு அரை கிராம் எடுத்தவர்களில் 69.6, ஒரு கிராமில் 75, இரண்டு கிராமில் 81. குடல் தோலில் உள்ள ஒரு ஏற்பியைத் தூண்டி, புண்ணை ஆற்றும் இன்டர்லூக்கின் 22 என்ற புரதத்தைச் சுரக்க வைக்கிறது.

ஆனால் அந்த ஆய்வைத் திட்டமிட்டபடி முடிக்கவில்லை. ஆய்வுக்கு வெளியே, தானாக வாங்கிச் சாப்பிட்ட ஒரு நோயாளிக்கு நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறியது. மூச்சு வாங்கும், இதயத்தின் வலப்பக்கம் தளரும் நோய் அது. ஜப்பான் அரசு 2016 டிசம்பரில் எச்சரிக்கை விட்டது. ஆராய்ச்சியாளர்கள் ஆய்வை நிறுத்தினார்கள். இவ்வளவு நன்றாக வேலை செய்யும் மருந்தை இப்படி நிறுத்தியதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. சரியான முடிவு என்றும் தோன்றியது.

மகனுக்கு வீடியோ போட்டார் ஆச்சி. நான் எண்களைச் சொன்னேன், நுரையீரலைச் சொன்னேன். வெளியே ஏழு பேர் காத்திருந்தார்கள்.

"அம்மாவுக்கு இப்ப நல்லாத்தானே இருக்கு. அப்ப வேண்டாம் டாக்டர்" என்றார். சிறிது யோசித்துவிட்டு, "ஆனா மறுபடி வந்து, எதுக்கும் அடங்கலைன்னா? அப்ப யோசிக்கலாமா?"

"அப்போ இதயத்துக்கு எக்கோ எடுத்துட்டு, மூணு பேரும் உக்காந்து பேசலாம். அதுக்கு முன்னாடி நிறைய வேற மருந்து இருக்கு."

பாட்டிலைப் படம் எடுத்து ஆச்சியின் கோப்பில் வைத்தேன். பாட்டிலை அவர் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார். அடுத்த கால்ப்ரொடெக்டின் ஐப்பசியில், தீபாவளிப் பலகார ஆர்டர் தொடங்குவதற்கு முன்.